வரிசை, பதிப்பு 2.3

வரிசையை நான் எழுதவில்லை.
இறக்கிக்கொண்டேன், தேநீர் ஆறுவதற்குள்.
எஸ்தோனியாவில் ஊர்வே என்றொருத்தி
விர்ட்சு துறையில் படகுக்குக் காத்திருக்கும்
கார்களுக்காக அதைச் செய்து வைத்திருந்தாள்.
நூற்று நாற்பது வரி. இரண்டே வாசல்:
ஒன்றில் வருவார்கள், ஒன்றில் போவார்கள்.
யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்,
எதற்கும் நான் பொறுப்பல்ல
என்று தலைப்பில் ஒரு குறிப்பு.

எடுத்துக்கொண்டேன்.
கார் இருந்த இடத்தில் நோயாளி,
படகு இருந்த இடத்தில் மருத்துவர்.
சால்தோ மருத்துவமனையின் அவசரப் பிரிவு
உலாவி ஜன்னல் ஒன்றுக்குள் எழுந்து நின்றது.
எக்ஸ்ரே அறை மெக்சிகோவில் யாரோ செய்தது,
கடிகாரம் கொரியாவிலிருந்து.
நடுவில் ஒட்டிய பசை மட்டும் என்னுடையது.

பச்சைப் புள்ளி வந்தவர். மஞ்சள் காத்திருப்பவர்.
சிவப்பைச் சொல்ல வேண்டாம்.
விதை எண் 4127 கொடுத்தால்
அதே செவ்வாய்க்கிழமை திரும்பத் திரும்ப விடியும்.
ஆரஞ்சுத் தோட்டத்து ஏணியிலிருந்து விழுந்தவர் என்று
நானாக வைத்துக்கொண்ட அந்தப் புள்ளி
அதே பத்து ஐம்பதுக்கு உள்ளே வரும்.
எதை விதைத்தாலும்
அதையே அறுக்கிற ஊர்.

இரவுப் பணி முடிந்து நெல்டா வந்தாள்,
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே.
உறிஞ்சிக்கொண்டே பத்து நிமிடம் பார்த்தாள்.
மூன்று மணிக்குக் கூட்டம். ஐந்துக்கு இன்னும்.
எல்லாம் சரியாகத்தான் நகர்ந்தது.
"எல்பியோ, இவர்களில் ஒருத்தர்கூட
ஏன் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை?"

நேற்று ஒன்பது பேர் போனார்களாம்.
ஒருவர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க.
ஒருத்தி, பள்ளி விடும் நேரம் என்று.
ஒரு கிழவர், வலி நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு.
"அவரைத்தான் தெருவரை துரத்திப் போனேன்."

பொறுத்தார் பூமி ஆள்வார்.
எங்கள் கூடத்தில்
பொறுத்தவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஆள்வார்.

நிரலைத் திறந்து வரி வரியாக இறங்கினேன்.
படகுத்துறையில் யாரும் திரும்புவதில்லை:
முன்னே கார், பின்னே கார், அக்கரையில் வீடு.
ஊர்வேயின் வரிசைக்கு மனம் மாறத் தெரியாது.

எழுபத்திரண்டாம் வரியில் இன்னொன்று கிடந்தது:
காற்று வீசினால் ஏழு நிமிடம் கூட்டு.
காற்றின் வேகத்தை நாங்கள் கொடுக்கவே இல்லை.
கொடுக்காவிட்டால்
நவம்பர் என்று அதுவே வைத்துக்கொள்கிறது.
எங்கள் நவம்பரில் ஜகரண்டா பூக்கும்.
ஆறு வாரமாக எங்கள் நோயாளிகள்மேல்
நான் பார்த்திராத ஒரு கடலின் காற்று.
உறுப்பை எடுத்து வேறிடத்தில் பொருத்தினால்
கொடுத்தவரின் குளிரும் கூடவே வருகிறது.

காற்றை நிறுத்தினேன்.
மூன்றாவதாக ஒரு வாசல் வெட்டினேன்.
ஒவ்வொரு புள்ளிக்கும் பிறக்கும்போதே
ஒரு பொறுமை, நிமிடக் கணக்கில்.
தீர்ந்தால் சாம்பல் நிறம்.
நெல்டாதான் எண்களைச் சொன்னாள்.
காய்ச்சல் குழந்தைகளின் தாய்மாருக்கு
முடிவிலி என்றாள், யோசிக்காமல்.
வலி நின்றுவிட்ட கிழவர்களுக்கு? என்று கேட்டேன்.
குடுவையின் மூடியைத் திருகினாள்,
திறந்தாள், திருகினாள்.

சாம்பல் புள்ளிகளை எண்ணிய அறிக்கை
மேலே போயிருக்கிறது.
மேலேயும் ஒரு வரிசை இருக்கிறது.

திருத்தத்தை ஊர்வேக்கும் அனுப்பினேன்.
பதினொரு நாள் கழித்து ஒரே வரியில் பதில்:
சேர்த்துக்கொண்டேன், காற்றுக்கு மன்னிக்கவும்.

இன்றிரவு அவளுடைய படகுத்துறையை
என் ஜன்னலில் ஓட்டிப் பார்த்தேன்.
விதை எண் 4127.
நாற்பது கார்களுக்குப் பின்னால் நின்ற ஒன்று
சாம்பலாகி, மெல்ல விலகி,
வந்த வழியே திரும்பிப் போனது.
எதற்கென்று கேட்க நிரலில் இடம் விடவில்லை நான்.

மறுபடி அதே விதையைக் கொடுத்தேன்.
மறுபடி திரும்பியது.